வால்வு ஆம்ப்ளிஃபயரின் குரல்

புதுக்கோட்டைப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ‘மைக் செட்’ என்றதும் ஒரு பெட்டி நினைவுக்கு வரும். ஆள் தூக்கத் திணறும் இரும்புப் பெட்டி. ஓட்டை போட்ட மூடிக்குக் கீழே செம்மஞ்சளாக எரியும் வால்வுகள். சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. சூடு ஏறட்டும் என்று அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் விடிய விடிய நடக்கும் நாடகத்துக்கும் அந்தப் பெட்டிதான் குரல் கொடுத்தது. இன்று கிடார் வாசிக்கும் பிள்ளைகள் அதே பெட்டியைத் தேடி அலைகிறார்கள். ஏன் என்பதையும், கெட்டுப்போன அதன் குரலை எப்படி மீட்பது என்பதையும் எழுதலாம் என்று தோன்றியது.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார்கள் வால்வை ‘லாம்ப்’ என்பார்கள். விளக்கு என்று பொருள். பார்த்தால் விளக்குப் போலத்தான் இருக்கும். இங்கிலாந்தில் ஃபிளெமிங் 1904-ல் செய்த வால்வில் இரண்டே உறுப்புகள். அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் நடுவே ஒரு கம்பிச் சல்லடையை வைத்தார். முதல் உலகப் போரில் ஃபெர்ரியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரியின் முயற்சியால் லியோன் நகரில் 1915 முதல் ‘டி.எம்.’ என்ற வால்வு உற்பத்தியானது. போர் முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள்.

அது வேலை செய்யும் விதத்துக்கு நம் கண்மாய் மடையே உதாரணம். கண்மாய் நிறையத் தண்ணீர். மடைப் பலகையை ஒரு விரற்கடை தூக்கினால் வாய்க்கால் நிறைய ஓடும். பலகையை அசைக்கச் சிறு பலம் போதும், ஓடும் நீர் பெரிது. வால்வில் சூடான கேதோடிலிருந்து பிளேட்டுக்கு எலெக்ட்ரான்கள் பாய்கின்றன. நடுவிலுள்ள சல்லடைதான் மடைப் பலகை. மைக்கிலிருந்து வரும் சிறு மின்சாரம் அதை அசைக்க, பிளேட்டில் பெரிய மின்சாரம் அதே தாளத்தில் அசைகிறது. வால்வு என்ற பெயர் மட்டும், ஃபிளெமிங்கின் கருவி மின்சாரத்தை ஒரே திசையில் விட்டதால் வந்தது.

நம் ஊருக்கு இந்தப் பெட்டி பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் புதுக்கோட்டையில் தங்கி, கஞ்சிரா மேதை மான்பூண்டியாப் பிள்ளையிடம் கற்றவர். 1922-ல் அவர் மறைந்தது பாண்டிச்சேரியில். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. அவர் காலத்து நாடகத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் எட்டுக் கட்டைக்கும் தொண்டையே துணை. 1933-ல் 27 வயதில் மறைந்த கிட்டப்பா போன்றவர்கள் உச்ச சுருதியில் பாடிப் பேர் வாங்கிய காலம் அது. மைக் வந்த பிறகு தாழ்ந்த குரலுக்கும் மேடையில் இடம் கிடைத்தது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியபின் உதிரிப் பொருளுக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கும் நிலையும் மாறியது.

1960-களில் சினிமாப் பாட்டில் எலெக்ட்ரிக் கிடார் பரவலாகக் கேட்டது. மெல்லிசைக் குழுக்களும் கிடார் வைத்துக்கொண்டன. கிடாருக்கான ஆம்ப்ளிஃபயர் அடிப்படையில் மைக் செட்டின் தம்பிதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பேச்சும் பாட்டும் சுத்தமாகக் கேட்க வேண்டும். கிடாருக்கோ கொஞ்சம் கரகரப்பு அழகு. வால்வை அதன் சக்திக்கு மேல் ஓட்டினால் ஒலி அலையின் உச்சி படிப்படியாக மழுங்கும். டிரான்சிஸ்டரில் சட்டென்று வெட்டுப்படும். முன்னது காதுக்கு இதம், பின்னது எரிச்சல்.

சத்தத்தின் குணம் வால்வில் மட்டும் இல்லை என்பதற்கு லண்டனில் நடந்த ஒன்றே சாட்சி. ஜிம் மார்ஷல் என்ற டிரம் வாசிப்பவரின் கடையில் 1962-ல் ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தார்கள். சர்க்யூட் அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேனை ஒட்டியது. டிரான்ஸ்ஃபார்மரும் மற்றவையும் இங்கிலாந்தில் கிடைத்தவை, ஸ்பீக்கர் செலஸ்டியன், பெட்டியின் முதுகை மூடிவிட்டார்கள். வந்த குரலோ முற்றிலும் வேறு. வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், மரப்பெட்டி எல்லாம் சேர்ந்ததுதான் டோன்.

சில வருஷம் முன்பு எனக்குத் தெரிந்த ஒலிபெருக்கி வாடகைக் கடைக்காரரின் மகன் அப்பாவின் பழைய பெட்டியைக் கிடாருக்கு எடுத்தான். ஒரே இரைச்சல், அடித்தொண்டையில் பேசுவது போல் மங்கல். விலை உயர்ந்த வெளிநாட்டு வால்வு வாங்கிப் போட்டால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பணமில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக்காகப் பழைய இரும்புக்காரர் விலை பேசிவிட்டுப் போயிருந்தார். பெட்டி எடைக்குப் போக இருந்த நேரத்தில் வயதான ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் சொன்னது: “சார், எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துனா எது பேசுச்சு, எது கெடுத்துச்சுன்னு தெரியாது. ஒண்ணொண்ணா மாத்துவோம். நீங்க எழுதிக்கிட்டே வாங்க.” குமாஸ்தாவுக்கு அதைவிடப் பிடித்த வேலை ஏது? உட்கார்ந்து எழுதினேன்.

முதலில் மின்சாரம். பழைய பெட்டியில் எர்த் கிடையாது. மூன்று பின் பிளக் போட்டு இரும்பு உடலை எர்த் செய்தார். அடுத்து, பவர் பகுதியின் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்ஸர்கள். அவை உள்ளே காய்ந்துபோனால் விநாடிக்கு 100 அதிர்வுள்ள ‘ம்ம்ம்’ இரைச்சல் வரும். மாற்றியதும் அது போயிற்று.

பிறகு, ஒரு வால்வுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள மெழுகுக் காகிதக் கண்டென்ஸர்கள். இவை கசிந்தால் முந்தைய வால்வின் உயர் மின்னழுத்தம் அடுத்த வால்வின் சல்லடையில் ஏறும். பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் பூஜ்யத்துக்கு மேல் காட்டியது; வால்வின் பிளேட் சிவந்ததற்கும் குரல் கம்மியதற்கும் காரணம் அதுதான். 630 வோல்ட் தாங்கும் புது பாலியெஸ்டர் கண்டென்ஸர் போட்டதும் பிளேட் சிவப்பது நின்றது. கேதோடில் இருந்த 25 மைக்ரோஃபாரட் கண்டென்ஸரை மாற்ற, கீழ்ச்சுருதி திரும்பியது. வயதில் மதிப்பு ஏறிப்போன ஓரிரு ரெசிஸ்டரை மாற்ற, ‘ஸ்ஸ்’ குறைந்தது. வால்வின் கால்களையும் சாக்கெட்டையும் சுத்தம் செய்ய, கரகர நின்றது.

கிடார் பிக்கப்புக்கு எதிரே சுமார் ஒரு மெகோம் இருக்க வேண்டும். குறைந்த ஓம் மைக்குக்கான இன்புட்டில் சொருகினால் மேல்ஸ்தாயி மங்கிவிடும். அதனால் உள்வழியை மாற்றிக் கொடுத்தார். நாடக மேடையின் கூம்பு ஸ்பீக்கர் கீழ்ச்சுருதியை விழுங்கும். வசனத்துக்கு அது வசதி, கிடாருக்கு ஆகாது. காகிதக் கோன் ஸ்பீக்கர் ஒன்றை, டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருந்த அதே ஓம் கணக்குக்குப் பொருத்தினார். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத் தொடவில்லை. பழைய வால்வுகளும் நன்றாகவே இருந்தன. புது வால்வுக்குச் செலவே ஆகவில்லை.

ஆக, தேய்ந்ததை மாற்று, குணம் தருவதைத் தொடாதே. இதுதான் நான் எழுதிய தாளின் சாரம். எல்லாவற்றையும் பிடுங்கிப் புதுசு போட்டால் பெட்டிதான் மிஞ்சும், குரல் மிஞ்சாது.

இரண்டு எச்சரிக்கை. இவற்றுள் 300, 400 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்ஸரில் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துவிடும்.

நம் ஊர்களில் கோயில் அறையிலும் பரணிலும் இப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் வால்வு தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களும் இப்போது சிலரே இருக்கிறார்கள். சரி செய்தால், என்ன மாற்றினோம், எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டும்.