சுக்கான் யார் கையில்?

ஆங்கிலத்தின் 'நேவிகேட்' என்னும் வினை, கப்பலைக் குறிக்கும் 'நாவிஸ்', செலுத்துதலைக் குறிக்கும் 'அகெரே' என்னும் இலத்தீன் சொற்களின் வழிவந்தது. கடலைக் கடப்பதற்கும் அரசு நடைமுறைகளைக் கடப்பதற்கும் இன்றைய ஆங்கிலம் இதையே ஆள்கிறது. ஜெர்மன் மொழியோ பொருளைப் பிரித்துக்கொள்கிறது. கப்பலின் இடமறிந்து வழி வகுத்தல் 'நவிகீரென்'. சுக்கானைப் பிடித்துச் செலுத்துதல் 'ஷ்டொயர்ன்'. அறியாச் சூழலில் வழி கண்டுகொள்ளுதல் 'ஸிஷ் ட்ஸுரெஷ்ட்ஃபின்டென்'.

இம்மூன்றாவது தற்சுட்டு வினை. 'ஸிஷ்' என்பது 'தன்னை' எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் செயப்படுபொருளாக நிற்பது கடக்கப்படும் உலகம். ஜெர்மனில் அவ்விடத்தில் நிற்பவர் வழி தேடுபவரே. இதே அமைப்புடைய 'ஸிஷ் ஓரியென்டீரென்' என்னும் வினையை இம்மானுவேல் கான்ட் 1786இல் தம் கட்டுரைத் தலைப்பிலேயே அமைத்தார். தெரிந்த ஒரு திசையைக் கொண்டு பிற திசைகளை, குறிப்பாக ஞாயிறு எழும் திசையை, அறிதல் என்னும் அதன் முதற்பொருளில் தொடங்கி, இருண்ட அறையில் ஒருவருக்கு வழிகாட்டுவது இடம் வலம் பற்றிய அவரது உள்ளுணர்வே எனக் காட்டி, அதனைச் சிந்தனைக்கும் விரித்தார்.

புலம்பெயர்ந்த ஒருவர் குடியேற்ற நடைமுறைகளை 'நேவிகேட்' செய்கிறார் என்னும் தொடரை 'ஷ்டொயர்ன்' எனப் பெயர்த்தால், நடைமுறையையே அவர் இயக்குவதாகப் பொருள் திரியும். இல்லாத சுக்கான் அவர் கைக்கு வந்துவிடும். 'ஸிஷ் ட்ஸுரெஷ்ட்ஃபின்டென்' என்றால் அவர் தடுமாறித் தேடும் உழைப்பு புலப்படும். சுக்கான் யாரிடம் உள்ளது என அறிந்த பின்னரே மொழிபெயர்ப்பாளர் வினையைத் தெரிவு செய்தல் தகும்.