உயிரோடிருக்கும்போதே ஒப்படைத்தல்: ஜப்பானிய வணிகக் குடும்பங்களின் ஓய்வு மரபு

எடோ காலம் என வழங்கும் 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், ஒசாகா, கியோட்டோ, எடோ ஆகிய நகரங்களின் பெருவணிகர்கள், சாகும்வரை கல்லாவில் அமர்ந்திருப்பதைப் பெருமையாகக் கருதவில்லை. உடலில் தெம்பும் அறிவில் தெளிவும் இருக்கும்போதே குடும்பத் தலைமையையும் தொழிலையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி வாழ்வதே ஒழுங்கான வாழ்வின் நிறைவு என்று எண்ணினர். இவ்வழக்கத்துக்கும் இவ்வாறு ஒதுங்கியவருக்கும் இன்க்யோ என்பதே பெயர். வணிகர் வாழ்வைக் கதைப்பொருளாக்கிய இஹாரா சைக்காக்கு, 1688இல் வெளியான ‘நிப்பொன் எய்தாய்குரா’ என்னும் நூலில், 45 வயதுக்குள் வீட்டின் நிலையை உறுதிப்படுத்திவிட்டு அதன்பின் இன்பமாக வாழ்வதே முறை என்ற கருத்தை முன்வைக்கிறார்.

இவ்வழக்கம் வேரூன்றியதற்கு ‘இயே’ என்னும் அமைப்பே அடிப்படை. இயே என்பது இரத்த உறவால் மட்டும் ஆனதன்று. முன்னோர் வழிபாடு, கடைப்பெயர், சொத்து, கடன், வேலையாட்கள் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கித் தலைமுறை தாண்டி நிலைக்கவேண்டிய வீடு அது. முன்னோரிடமிருந்து பெற்றதைக் குறைவின்றிப் பின்வருவோரிடம் சேர்க்கும் பொறுப்பு மட்டுமே அதன் தலைவருக்கு உண்டு என்று கருதப்பட்டதால், தலைமை என்பது ஒரு பதவியாகவும், பதவி என்பதால் விட்டு விலகக்கூடியதாகவும் இருந்தது. மகன் திறமையற்றவனாயின், கடையிலேயே சிறுவயது முதல் பயின்று தேறிய ஊழியர் ஒருவரை மகளுக்கு மணமுடித்து, குடும்பப் பெயரைச் சூட்டித் தத்தெடுத்துக்கொள்ளத் தயங்காத குடும்பங்கள் பல. தலைவரே ஊதாரியாகிவிட்டால், உறவினரும், பான்தோ எனப்பட்ட தலைமைக் கணக்குப்பிள்ளையும் கூடிப்பேசி அவரைக் கட்டாயமாக ஓய்வுக்கு அனுப்புவதும் உண்டு. உரிமையாளரைத் தட்டிக்கேட்க ஒருவரேனும் இருக்கவேண்டும் என்ற எண்ணம் நடைமுறையாகவே நிலைத்திருந்தது என்பதுதான் இம்மரபின் தலையாய சிறப்பு.

ஓய்வுபெற்றவர் முத்திரையையும் பேரேட்டையும் ஒப்படைத்துவிட்டுத் தனி வீட்டுக்கோ, அதே வளாகத்தின் பின்கட்டுக்கோ குடிபெயர்வார். அவருடைய செலவுக்கென்று ஒரு தொகை முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும். சிலர் தலையை மழித்துப் பௌத்தப் பெயர் சூடிக்கொண்டபோதும் அது உலகைத் துறத்தல் ஆகாது. தேநீர்ச் சடங்கு, கவிதை, தலயாத்திரை, கல்வி என்று அவர்கள் வாழ்வு தொடர்ந்தது.

இதற்கு வேண்டிய பொருளாதார ஏற்பாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது மிட்சுய் குடும்பம். 1673இல் எடோவில் எச்சிகோயா துணிக்கடையைத் திறந்து, கடனின்றி ரொக்கத்துக்கு, பேரமற்ற ஒரே விலையில் விற்கும் முறையை வளர்த்த மிட்சுய் தகதோஷி 1694இல் மறைந்தபின், பிள்ளைகள் சொத்தைப் பிரித்துக்கொள்ளாமல் கூட்டாகவே வைத்துக்கொண்டனர். மூத்த மகன் தகஹிரா 1710இல் ஓமோதோகதா என்னும் தலைமை அமைப்பை உருவாக்கி, கடைகளின் முதலை அதன்கீழ்க் கொண்டுவந்தார். பின்னர் சோச்சிக்கு என்ற ஓய்வுப்பெயரோடு 1722இல் அவர் வகுத்த குடும்பச் சாசனம், சொத்தை 220 பங்குகளாகக் கணக்கிட்டது. பங்குக்கேற்ற வருமானம் ஒவ்வொரு கிளைக்கும் உண்டு. பங்கைப் பிரித்தெடுத்துச் செல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஓய்வுபெறுபவரின் பிழைப்பு கடையின் அன்றாட வரவையோ மகனின் மனநிலையையோ நம்பியிராதபோதுதான் விலகல் மெய்யான விலகலாகும் என்பதை இந்தக் குடும்பம் அன்றே உணர்ந்திருந்தது.

விலகிய பின்னும் ஒருவரால் எவ்வளவு செய்யமுடியும் என்பதற்கு இனோ தததகாவை விடப் பெரிய சான்று இல்லை. 1745இல் பிறந்த அவர், சவாரா என்னும் ஊரில் சாக்கே மது வடித்தும் நெல் வணிகம் செய்தும் வந்த இனோ குடும்பத்துக்கு 1762இல் மருமகனாகத் தத்துப்போய், நொடித்திருந்த அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தினார். ஊர்ப்பொறுப்புகளும் அவரிடம் இருந்தமையால், அவர் முதலில் கேட்டபோது ஓய்வுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1794இல்தான் மகனிடம் தொழிலை ஒப்படைக்க முடிந்தது. அடுத்த ஆண்டு எடோ சென்று, தம்மைவிட 19 வயது இளையவரான தகஹாஷி யோஷிதோகியிடம் மாணவராகச் சேர்ந்து வானியலும் நில அளவையும் கற்றார். 1800 முதல் 1816 வரை பத்துப் பயணங்களாக ஜப்பானின் கடற்கரைகள் அளக்கப்பட்டன. முதற்பயணத்துக்குத் தம் சொந்தப் பணத்தையே பெரும்பாலும் செலவிட்டார். அவர் 1818இல் இறந்தபின் 1821இல் நிறைவுற்ற அந்த நிலப்படம் 214 பெரிய தாள்களைக் கொண்டது. தொழிலைவிட்டு விலக மறுக்கும் பலரையும் தடுப்பது, விலகியபின் என்ன செய்வது என்ற வெறுமையே. இனோவுக்கு அந்த வெறுமை இருக்கவில்லை.

இம்மரபின் குறைகளையும் மறைக்கலாகாது. பதவியைத் துறந்துவிட்டுப் பின்கட்டிலிருந்து ஆணையிடும் பழக்கம் ஜப்பானிய அரசியலிலேயே பழையது: 1086இல் அரியணை துறந்த பேரரசர் ஷிரகாவா அதன்பின்னும் ஆட்சியைக் கையில் வைத்திருந்தார், 1605இல் ஷோகுன் பதவியை மகனிடம் ஒப்படைத்த தொகுகவா இயேயாசு 1616இல் இறக்கும்வரை அதிகாரத்தை விடவில்லை. வணிக வீடுகளிலும் இந்நோய் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. 1873இல் கட்டாயப் படைச்சேவை வந்தபோது குடும்பத் தலைவருக்கு விலக்கு இருந்ததால், மகனைத் தலைவனாக்கிப் படையிலிருந்து காப்பதற்கென்றே சில தந்தையர் ஓய்வுபெற்றனர். 1891இல் இன்க்யோ பற்றித் தனிநூல் எழுதிய சட்ட அறிஞர் ஹொசுமி நோபுஷிகே, 1898இல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டத்தை வரைந்தவர்களுள் ஒருவர். தலைமையைத் துறக்க 60 வயது நிறைந்திருக்கவேண்டும், பொறுப்பேற்கத் தகுதியுள்ள வாரிசு அதற்கு இசையவேண்டும் என்பன அச்சட்டத்தின் நிபந்தனைகள். அந்த ஹொசுமியின் மாமனாரான ஷிபுசவா எய்இச்சி, ஏறத்தாழ 500 நிறுவனங்களின் தோற்றத்தில் பங்குகொண்டவர், 1909இல் பெரும்பாலான பொறுப்புகளிலிருந்தும் 1916இல் தாம் வளர்த்த வங்கியிலிருந்தும் விலகினார்.

விலகலைப் பற்றிச் சுமிதொமோ குடும்பத்தின் வரலாறு தரும் பாடம் ஷிபுசவாவின் விலகலைவிட ஆழமானது. 1691 முதல் அக்குடும்பம் நடத்திவந்த பெஷ்ஷி செம்புச் சுரங்கத்தை, 1868இல் புதிய அரசின் கைக்குப் போய்விடாமல் காத்தவர் அதன் நிர்வாகி ஹிரோசே சைஹெய். அத்தகைய பெருஞ்சேவை செய்தவருக்கே, தம் ஒருவர் விருப்பப்படி எல்லாம் நடக்கவேண்டும் என்கிறார் என்ற குறைகூறலுக்கிடையே 1894இல் பதவி விலக நேர்ந்தது. அவருடைய மருமகன் முறையினரான இபா தெய்கோ, உருக்காலைப் புகையால் வறண்ட மலைகளில் மரங்களை நடுவித்து, ஆலையையே கடலிலுள்ள ஷிசகா தீவுகளுக்கு மாற்ற ஏற்பாடு செய்து, 1900இல் தலைமை நிர்வாகியானார். 1904இல், 60 வயதுகூட நிறையாத நிலையில், தாமாகவே விலகி ஓட்சுவுக்கு அருகே ஒதுங்கி வாழ்ந்தார். தொழிலுக்குப் பெருங்கேடு இளைஞரின் தவறுகளால் அன்று, முதியவர் விடாப்பிடியாக ஆள்வதாலேயே வருகிறது என்று அவர் அவ்வாண்டு எழுதியது, ஒரு முதியவரின் வீழ்ச்சியை அருகிருந்து கண்டவரின் சொல் என்பதால் எடைமிக்கது.

1947இல் திருத்தப்பட்ட குடும்பச் சட்டம் இயே அமைப்பையும் இன்க்யோவையும் ஒருசேர நீக்கியது. குடும்பத்தின் பிடியிலிருந்து தனிமனிதரை, சிறப்பாகப் பெண்களை, விடுவித்த அச்சட்டம் நியாயமானதே. ஆனால் முதலாளியை விலகச்சொல்லும் வாயும் அதோடு அடைபட்டது. அதன்பின் விலகல் அவரவர் மனவுறுதியைப் பொறுத்ததாயிற்று. மின்சாதன நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்த மத்சுஷிதா கோனோசுகே 1961இல் தலைவர் பதவியைவிட்டு விலகியும், விற்பனை சரிந்த 1964இல் திரும்பிவந்து விற்பனைப் பிரிவை நேரடியாக நடத்தினார். ஹோண்டா சோஇச்சிரோவும் அவருடைய கூட்டாளி புஜிசவா தகேயோவும் 1973இல், ஹோண்டா வாகன நிறுவனம் தோன்றிய 25ஆம் ஆண்டில், ஒன்றாக விலகி, பிள்ளைகளில் எவரையும் அமர்த்தாமல், 45 வயதான கவஷிமா கியோஷியிடம் தலைமையை ஒப்படைத்தனர். இவ்விரண்டில் ஹோண்டா செய்ததே பழைய மரபின் நல்ல கூற்றுக்கு நெருக்கமானது.

சிறிய தொழில்களில் நிலைமை வேறு. 2025ஆம் ஆண்டுக்குள் 70 வயதைத் தாண்டும் சிறு, நடுத்தர நிறுவன உரிமையாளர்கள் ஏறத்தாழ 24.5 லட்சம் பேர் இருப்பர் என்றும், அவர்களுள் 12.7 லட்சம் பேருக்கு அடுத்து நடத்துபவர் யாரென்று முடிவாகவில்லை என்றும் ஜப்பானிய அரசு மதிப்பிட்டது.