மரத்துள் மறைந்த சீனி

கண்டி மாநகருக்குக் கிழக்கே, தும்பறைப் பள்ளத்தாக்கிலே அமைந்துள்ளது தெல்தெனிய. அதனைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் வளரும் மரங்களுள் கித்துள் தனிச்சிறப்புடையது. அதன் பாளையைச் சீவினால் இனிய பதநீர் சுரக்கும். அதனைக் காய்ச்சினால் பாணியும் கருப்பட்டியும் கிடைக்கும். தண்டின் உட்சோற்றை இடித்து அலசினால் மா கிடைக்கும். வைரம் பாய்ந்த புறமரமோ உலக்கைக்கு உதவும்.

பதநீர், மா, மரம் என்னும் இம்மூன்றும் தோற்றத்தால் வேறானவை. ஆயினும் இரசாயன நூலார் நோக்கில் இவை ஓரினத்தவை. பதநீரிலே சீனி கட்டின்றி நிற்கின்றது. மாவிலே அது தளர்ந்த சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளது. மரத்திலோ செலுலோசு என்னும் இறுகிய சங்கிலியாகி, பிற பொருள்களாற் பொதியப்பட்டுக் கிடக்கின்றது. உலக்கையை எவ்வளவு மென்றாலும் இனிக்காமைக்குக் காரணம் இதுவே. இக்கட்டினை அவிழ்க்க மனிதன் மேற்கொண்ட முயற்சி நெடிய வரலாறுடையது.

அவ்வரலாற்றின் தொடக்கத்திலே கண்டி இராச்சியத்தையும் இலண்டன் மாநகரையும் இணைக்கும் ஒரு செய்தி உண்டு. ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்தார். 1679இலே தப்பிச் சென்ற அவர், இலங்கையைப் பற்றிய தமது நூலை 1681இல் இலண்டனில் வெளியிட்டார். கித்துள் மரத்தையும் அதன் இனிய நீரையும் கருப்பட்டியையும் அந்நூல் விளக்குகின்றது. அதற்கு முன்னுரை வழங்கியவர் அரச கழகத்தைச் சேர்ந்த அறிஞர் றொபேட் ஊக்.

அதே கழகத்திலே, நொக்ஸ் தப்பிய அதே 1679இல், தெனி பப்பேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் புதியதொரு கலத்தைக் காட்டினார். இறுக மூடிய அக்கலத்தினுள் நீரைக் காய்ச்சியபோது கடினமான எலும்பும் குழைந்து மென்மையாயிற்று. அதனை விளக்கும் அவரது நூலும் 1681இல் இலண்டனிலேயே வெளிவந்தது. இக்காலச் சமையலறைகளில் வழங்கும் பிறஷர் குக்கருக்கு அக்கலமே மூதாதை. கித்துளின் இனிமையைக் கூறிய நூலும், மரத்தின் கட்டை அவிழ்க்கப் பிற்காலத்தில் உதவவிருந்த முறையைக் கூறிய நூலும் ஒரே நகரில் ஒரே ஆண்டில் தோன்றின. இரண்டுக்கும் உள்ள தொடர்பை அக்காலத்தார் அறிந்திலர்.

பப்பேன் கண்ட உண்மை யாது? திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசு அளவிலே கொதித்து ஆவியாகின்றது. அதற்குமேல் அது சூடேறுவதில்லை. ஆவி வெளியேறாதபடி அடைத்தால் அமுக்கம் உயரும். அமுக்கம் உயர உயரக் கொதிநிலையும் உயரும். இதனைத் தெல்தெனியவின் அயலிலேயே ஓர் உவமையாற் காணலாம். 1985இல் திறந்து வைக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரை மூடிவிட்டது. புதிய நகர் மேட்டு நிலத்தில் எழுந்தது. நூறு மீற்றர் ஆழமுள்ள நீரின் அடியிலே அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 11 மடங்காகும். அத்தகைய அமுக்கத்துக்கு உட்பட்ட நீரைச் சூடாக்கினால், சுமார் 184 பாகை வரையும் அது கொதியாது நீராகவே நிற்கும்.

எனினும், மரத்திலிருந்து சீனி பெற முனைந்தோர் முதலில் நாடியது அமிலத்தையே. 1811இல் உருசியாவிலே கிர்ச்சொவ் என்பார் மாப்பொருளை ஐதான அமிலத்துடன் காய்ச்சிச் சீனியாக்கினார். 1819இல் பிரான்சிலே என்றி பிறக்கொனோ, கந்தைத் துணியையும் மரத்தூளையும் கந்தகவமிலத்தால் கரைத்துச் சீனி பெற்றார். தாவரத்தின் சுவர்ப்பொருளைப் பிரித்தறிந்து, அது செலுலோசு எனப் பெயர்பெற வழிசெய்தவர் அன்செல்ம் பாயென். அது 1838ஐ ஒட்டி நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டிலே சேர்மனி நாட்டவரான சோலரும் பேகியுசும் இதனை ஆலைத்தொழிலாக்கினர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்நாட்டிலே மரச்சீனியைக் கொண்டு மதுவம் வளர்த்துக் கால்நடைத் தீவனம் ஆக்கினர். ஆனால் அமிலம் கலங்களை அரித்தது. வேலை முடிந்தபின் அதனை நீக்குவதும் பெருஞ்செலவாயிற்று. போர் ஓய்ந்து வேறு சீனி மலிவாய்க் கிடைத்ததும் அவ்வாலைகளுட் பல கைவிடப்பட்டன.

அமிலமின்றி நீரே அவ்வேலையைச் செய்யுமா என்ற வினா அப்பொழுது வலுப்பெற்றது. 1970களில் ஒஸ்திரியாவின் இன்சுபுறுக் நகரிலே பொப்லெற்றரும் அவர்தம் துணைவரும் இதனை விரிவாக ஆராய்ந்தனர். 200 பாகையை அண்மும் நீர் நாம் பருகும் நீரின் இயல்பினதன்று. அதன் மூலக்கூறுகள் அயன்களாகப் பிரியும் தன்மை பன்மடங்கு மிகுகின்றது. ஆதலின் அது மெல்லிய அமிலம்போலத் தொழிற்படுகின்றது. தாவரத்திலிருந்து விடுபடும் அசற்றிக்கமிலமும் அதற்குத் துணையாகின்றது. முதலிற் கரைவது அரைச்செலுலோசு. செலுலோசோ மேலும் உயர்ந்த வெப்பத்தை வேண்டி நிற்கும். 1990களின் பிற்பகுதியிலே யப்பானின் தொகொக்கு பல்கலைக்கழகத்தார், 374 பாகையையும் கடந்த நீரிலே செலுலோசு ஒரு விநாடிக்குள்ளேயே சிதைவதைக் காட்டினர்.

இங்கேதான் இடர் தோன்றுகின்றது. சீனியை விடுவிக்கும் வெப்பமே அச்சீனியை அழிக்கவும் செய்யும். சற்றுத் தாமதித்தால் சீனி பிற பொருள்களாக மாறிவிடும். பதநீர் காய்ச்சுவோர் இதனை நன்கறிவர். பதம் வருமுன் இறக்கினால் கருப்பட்டி இறுகாது; பதம் தப்பினால் கருகிக் கசக்கும். கிராமத்து அடுப்பிலே கண்ணும் கையும் காக்கும் அப்பதத்தை, ஆலையிலே விநாடிக் கணக்கும் அமுக்கமானியும் காக்க வேண்டும். ஆகவே பல ஆலைகள் சூடான நீரால் தாவரத்தை இளக்குவதோடு நின்று, எஞ்சிய கட்டை நொதியங்களைக் கொண்டு அவிழ்க்கின்றன. டென்மார்க்கின் கலுண்ட்பொர்க்கில் 2009இல் தொடங்கிய வைக்கோல் ஆலை இவ்வழியிற் சென்றது.

இலங்கைக்கு இது முற்றிலும் புதுமையன்று. 1950களில் எழுந்த வாழைச்சேனைக் கடதாசி ஆலையிலே வைக்கோலும் இலுக்குப் புல்லும் இரசாயனப் பொருள்களோடு அவிக்கப்பட்டன. அங்கு நாரே வேண்டப்பட்டது. கரைந்த பகுதி கழிவாயிற்று. அயல்நாடான இந்தியாவிலே, அரியானா மாநிலத்துப் பானிப்பட்டில் 2022இல் ஓர் ஆலை திறக்கப்பட்டது. அது ஆண்டுக்குச் சுமார் 2 இலட்சம் தொன் நெல் வைக்கோலைக் கொண்டு, வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் இளக்கி, சீனியாக்கி, ஏறத்தாழ 3 கோடி இலீற்றர் எதனோலைப் பெறத் திட்டமிடப்பட்டது. அதே 2022இலே இலங்கை மக்கள் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். தான் உண்ணும் சீனியிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு, அறுவடைக்குப்பின் வயலிலே வைக்கோலை எரிப்பதும் உண்டு.

ஆயினும் வைக்கோல் முழுவதையும் ஆலைக்கு இழுத்துவிடலாகாது. மண்ணுக்கு உரமாவதும் மாட்டுக்கு உணவாவதும் அதுவே. நிலத்துக்குரிய பங்கை நிலத்துக்கு விட்டு, எஞ்சியதை எடுப்பதே முறை. அமுக்கக் கலத்துக்கும் அதனைச் சூடாக்கும் விறகுக்கும் ஆகும் செலவையும் கணக்கிட வேண்டும். கித்துள் சீவுவோர் பாளையைப் பதமாகச் சீவுவர். மரத்தை வீழ்த்திவிட்டுப் பதநீர் தேடுவதில்லை. தாவரத்திலிருந்து சீனி பெறும் புதுத்தொழில் இந்நாட்டில் வேரூன்றுமாயின், தும்பறைச் சாரலின் அப்பழைய ஒழுங்கே அதற்கும் பொருந்தும்.