ஸ்பார்க் பிளக் ஸ்பேனர்

ஸ்பார்க் பிளக் ஸ்பேனர் என்பது, பெட்ரோலில் இயங்கும் உள்ளெரி பொறிகளில் உள்ள ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதற்கும் பூட்டுவதற்கும் பயன்படும் கைக்கருவி ஆகும். ஸ்பார்க் பிளக் தமிழில் தீப்பொறிச் செருகி எனவும் வழங்கப்படுகின்றது. கரடுமுரடான மண்பாதைகளிலும் காட்டுப்பாதைகளிலும் ஓட்டப்படும் டர்ட் பைக் வகை இருசக்கர வண்டிகளில், ஓட்டுநர் உடன் எடுத்துச் செல்லும் கருவிப் பையின் முதன்மையான கருவிகளுள் இது ஒன்று. இக்கட்டுரை அத்தகைய பைக்கு ஏற்ற ஸ்பேனரைத் தெரிவு செய்யும் முறையை விளக்குகின்றது.

தேவை

நகரச் சாலையில் வண்டி நின்றுவிட்டால் அருகில் பழுதுபார்க்கும் கடை இருக்கும். காட்டுப்பாதையில் ஓட்டுநரே பழுதுபார்ப்பவர். 1913 இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கியதும், 1981 முதல் பன்னாட்டு ஆறு நாள் எண்டியூரோ என அழைக்கப்படுவதுமான போட்டியில், ஓட்டுநர் தம் வண்டியைத் தாமே பழுதுபார்க்க வேண்டும் என்பது நெடுங்கால மரபாகும்.

பிளக்கைக் கழற்ற வேண்டிய சூழல்கள் பொதுவாக மூன்று:

- இருவீச்சுப் பொறிகளில் எரிபொருளுடன் எண்ணெயும் கலந்து எரிவதால், பிளக்கின் முனையில் எண்ணெயும் கரியும் படிந்து தீப்பொறி தோன்றாமல் போதல்.
- வண்டி கீழே விழும்போது உருளைக்குள் மிகுதியான பெட்ரோல் புகுந்து பிளக் நனைந்துவிடுதல்.
- ஓடையைக் கடக்கும்போது காற்றுவழியாக உருளைக்குள் நீர் புகுதல்.

இவற்றுள் மூன்றாவதே மிகவும் ஆபத்தானது. நீரை எளிதில் அழுத்த முடியாது. எனவே நீர் நிறைந்த நிலையில் ஸ்டார்ட்டரை இயக்கினால் பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடலாம். பிளக்கைக் கழற்றிய பின்னரே பொறியைச் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். பொருத்தமான ஸ்பேனர் இல்லாவிடில், அரை மணி நேரத்தில் முடியும் வேலைக்காக வண்டியைப் பல கிலோமீட்டர் தள்ளிச் செல்ல நேரிடும்.

அளவுகள்

பிளக்கின் மரை விட்டமும் ஸ்பேனர் பற்றும் அறுகோணத்தின் அளவும் வெவ்வேறானவை. ஸ்பேனரைத் தெரிவு செய்ய அறுகோண அளவே தேவை. டர்ட் பைக்குகளில் பரவலாகக் காணப்படும் அளவுகள்:

- 20.8 மிமீ அறுகோணம், 14 மிமீ மரை: இருவீச்சுப் பொறிகள் பலவற்றில் உள்ளது. எ.கா: யமஹா ஒய்இசட்250. இதற்கு 21 மிமீ எனக் குறிக்கப்பட்ட ஸ்பேனர் பொருந்தும்.
- 18 மிமீ அறுகோணம், 12 மிமீ மரை: எ.கா: ஹோண்டா எக்ஸ்ஆர்650எல்.
- 16 மிமீ அறுகோணம், 10 மிமீ மரை: நால்வீச்சுப் பொறிகள் பலவற்றில் உள்ளது. எ.கா: சுசூக்கி டிஆர்-இசட்400.
- 14 மிமீ அறுகோணம், 10 மிமீ மரை: அண்மைக்கால நால்வீச்சுப் போட்டி வண்டிகள் சிலவற்றில் உள்ளது.

என்ஜிகே நிறுவனத்தின் பிளக்குகளில் குறியீட்டின் தொடக்க எழுத்துகள் இவ்வளவுகளைக் காட்டுகின்றன. எடுத்துக்காட்டாக, சிஆர்8இ என்பதில் 'சி' 10 மிமீ மரையையும் 16 மிமீ அறுகோணத்தையும் குறிக்கும். '8' வெப்ப அளவைக் குறிப்பதால் ஸ்பேனருடன் அதற்குத் தொடர்பில்லை.

வகைகள்

குழாய் ஸ்பேனர்: எஃகுக் குழாயின் முனையை அறுகோணமாக அழுத்திச் செய்யப்படுவது. எடை குறைவு, விலையும் குறைவு. பக்கவாட்டுத் துளையில் ஒரு கம்பியைச் செருகித் திருக வேண்டும். திருப்புளியின் தண்டு அத்துளையில் நுழையுமானால் தனிக் கம்பி தேவையில்லை.

பிளக் சாக்கெட்: தடித்த சுவர் கொண்டது. பிளக்கைப் பற்றிக்கொள்ள உள்ளே ரப்பர் வளையமோ காந்தமோ இருக்கும். ராட்செட் கைப்பிடியும் நீட்டிப்புத் தண்டும் சேரும்போது எடை கூடும். எனினும் வெளிப்புறத்தில் அறுகோண முனை உள்ள சாக்கெட்டை, பையில் ஏற்கெனவே இருக்கும் வேறொரு ஸ்பேனராலும் திருகலாம்.

டி-கைப்பிடி ஸ்பேனர்: பயன்படுத்த எளிது. ஆனால் இடத்தை அடைப்பதால் இடுப்புப் பைக்கு ஏற்றதன்று.

தெரிவு செய்தல்

அளவு பொருந்தினால் மட்டும் போதாது, ஸ்பேனர் பிளக்கைச் சென்றடையவும் வேண்டும். இருவீச்சுப் பொறியில் பிளக் உருளைத் தலையின் மேல் வெளிப்படையாக இருந்தாலும், அதற்கு மேலே சட்டகக் குழாயும் பெட்ரோல் தொட்டியும் இருக்கும். எனவே குட்டையான ஸ்பேனரே பொருந்தும். நால்வீச்சுப் பொறியில் பிளக் ஆழமான குழிக்குள் இருப்பதால், நீளமானதும் மெல்லிய சுவர் கொண்டதுமான ஸ்பேனர் தேவை. சில வண்டிகளில் முதலில் தொட்டியைக் கழற்ற வேண்டும். அவ்வாறாயின் அதன் போல்ட்டுகளுக்கான ஸ்பேனரும் பையில் இருத்தல் வேண்டும்.

இதனால், கடைத் தாளில் உள்ள அளவைக் கொண்டு முடிவு செய்வதைவிட, பையில் வைக்கப்போகும் கருவிகளை மட்டுமே கொண்டு வீட்டிலேயே ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பூட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனையாகும். இச்சோதனையில் பயன்படாத கருவியைப் பையிலிருந்து நீக்கிவிடலாம்.

பயன்படுத்தும் முறை

1. பொறி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான அலுமினியத் தலையில் மரை சேதமடைய வாய்ப்பு மிகுதி.
2. பிளக்கின் மூடியை எடுத்ததும், சுற்றியுள்ள மண்ணை ஊதியோ துடைத்தோ அகற்ற வேண்டும். இல்லாவிடில் மண் உருளைக்குள் விழும்.
3. ஸ்பேனரை நேராக, முழுதாக அமர்த்தித் திருக வேண்டும். சாய்ந்தால் பிளக்கின் பீங்கான் உடையக்கூடும்.
4. நீரையோ பெட்ரோலையோ வெளியேற்றப் பொறியைச் சுழற்றும்போது தீப்பொறி இணைப்பை நிறுத்திவிட வேண்டும். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும்போது அருகில் தீப்பொறி எழுந்தால் தீப்பற்றும்.
5. பூட்டும்போது முதற் சுற்றுகளை விரலாலேயே திருக வேண்டும். ஆழமான குழியாயின், பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகித் திருகலாம். மரை தவறிப் பொருந்தினால் குழாய் வழுக்கிவிடும். இதனால் உருளைத் தலை காக்கப்படுகின்றது.

அலுமினியத் தலையில் 14 மிமீ மரைக்கு ஏறத்தாழ 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். 10 மிமீ மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டரே போதும். 14 மிமீ மரையுள்ள புதிய பிளக்கை விரலால் இறுக்கிய பின் அரைச் சுற்றும், முன்பு பயன்படுத்திய பிளக்கைப் பன்னிரண்டில் ஒரு சுற்றும் திருகினால் இவ்விறுக்கம் கிடைக்கும். கைப்பிடி நீளமாக இருந்தால் தேவைக்கு மேல் இறுக்குவது எளிதாகிவிடும். இவ்வகையிலும் குட்டையான கைப்பிடியே காட்டுப்பாதைக்கு நல்லது.

உடன் வைக்க வேண்டியவை

ஸ்பேனருடன் அதே குறியீடுள்ள புதிய பிளக் ஒன்றை, முனை அடிபடாதவாறு சிறு குப்பியில் அடைத்து வைத்தல் வழக்கம். நனைந்த பிளக்கைத் துடைக்க ஒரு துணியும் வேண்டும். இத்துணியில் ஸ்பேனரைச் சுற்றி வைத்தால் பைக்குள் பிற பொருட்களுடன் உராய்வதும் தவிர்க்கப்படும்.

இவற்றையும் பார்க்க

- தீப்பொறிச் செருகி
- இருவீச்சுப் பொறி
- முறுக்குவிசை