கரைந்துபோகும் பூச்சு

இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் தொடை எலும்புக்குள் இறக்கும், ஒரு சாணுக்கும் குறைவான நீளமுள்ள டைட்டானியத் தண்டு. மேல்பாதியில் குறுக்கு வரிகள், கீழ்ப்பாதியில் நெடுக்குப் பள்ளங்கள். மேலே பூச்சு இருப்பதால் உலோகம் பளபளக்காது, சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்துச் சொரசொரப்பாக இருக்கும். 1986-ல் பிரான்சின் ஆர்ட்ரோ என்ற அறுவை மருத்துவர் குழுவினர் கொண்டுவந்த கோரய்ல் தண்டு இது. முந்தைய ஆண்டே லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் இதே வகைப் பூச்சுள்ள தண்டைப் பொருத்தத் தொடங்கியிருந்தார்.

அதற்கு முன் தண்டைப் பெரும்பாலும் பிடித்து வைத்தது எலும்பு சிமென்ட். ஜான் சார்ன்லி 1962-ல் இங்கிலாந்தின் ரைட்டிங்டனில் நிலைநாட்டிய முறை அது. முதியவர்களுக்கு நன்றாகவே உழைத்தது. ஓடியாடி வேலை செய்யும் இளையவர்களிடம்தான் அதிகம் தளர்ந்தது. எலும்பே நேராக உலோகத்தைப் பற்றிக்கொள்ளாதா என்ற தேடலில் வந்தது ஹைட்ராக்ஸிஅபடைட். நம் எலும்பில் உள்ள கால்சியம் பாஸ்பேட் கனிமத்தின் நெருங்கிய உறவு அது.

அதன் தூளைப் பிளாஸ்மா சுடர் வழியாகத் தண்டின்மேல் பாய்ச்சுகிறார்கள். துகள்கள் அரைகுறையாக உருகி, மோதி, ஒட்டி உறைகின்றன. சூடு மிஞ்சினால் கனிமம் சிதைந்து சீக்கிரம் கரையும் உப்புகளாகிவிடும், குறைந்தால் ஒட்டாது. தடித்த பூச்சு உரிந்துவிழும். கோரய்லில் சுமார் 150 மைக்ரான்.

அறுவை அரங்கில், தொடை எலும்பின் உட்குழியைப் பல் வைத்த அரத்தால் தண்டின் வடிவத்துக்கு அமுக்கிச் செப்பனிட்டு, சிமென்ட் இல்லாமல் தட்டி இறக்குகிறார்கள். சில வாரங்களில் புது எலும்பு பூச்சின்மேல் படரத் தொடங்கும். பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. பழைய எலும்பை அரித்துப் புதுப்பிக்கும் செல்கள், பூச்சையும் எலும்பென்றே எண்ணி மெல்லத் தின்கின்றன. பல ஆண்டுகளில் பூச்சு பெரிதும் குறைந்துபோகிறது. அந்த இடத்தில் எலும்பு உலோகத்தோடு ஒட்டி நிற்கிறது.

கோரய்ல் குழுவினரே வெளியிட்ட கணக்குப்படி, 23 ஆண்டு முடிவில் சுமார் 96 சதவீதத் தண்டுகள் நிலைத்திருந்தன. ஆனால் இந்தப் பெருமை முழுவதையும் பூச்சுக்கே கொடுக்க முடியாது. ஸ்வீடன் இடுப்பு மூட்டுப் பதிவேட்டில் பைமெட்ரிக் என்ற தண்டைப் பூச்சோடும் பூச்சில்லாமலும் ஒப்பிட்டபோது ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. இடுப்பெலும்பில் பொருத்தும் கிண்ணப் பகுதியிலோ நிலைமை தலைகீழ்: பூச்சிட்ட கிண்ணங்களுக்கே மறு அறுவை அதிகம் என்று அதே பதிவேட்டின் ஆய்வு 2010-ல் காட்டியது. அடியிலுள்ள உலோகம் வழுவழுப்பாக இருந்தால், பூச்சு போனபின் எலும்புக்குப் பிடிமானம் ஏது? ஆகவே என் கணிப்பில், பூச்சு எலும்பை அழைத்து வரும்; தங்கவைப்பது அடியிலுள்ள வடிவமும் பரப்பும்தான்.

ஒவ்வொரு தண்டின் பெட்டியிலும் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். இருபது ஆண்டு கழித்து மறு அறுவை தேவைப்பட்டால், வேறொரு மருத்துவர் முதலில் கேட்பது அந்த விவரத்தைத்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது இடுப்பு மூட்டு மாற்றியிருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த ஸ்டிக்கர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் மருத்துவமனையில் கேட்டு வாங்கி வையுங்கள்.