உட்கருவில் சந்தித்த இரு ஆய்வு மரபுகள்

சாயமேற்றிய உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஜெர்மானிய உயிரியலாளர் வால்டர் ஃப்ளெமிங், உட்கருவுக்குள் சாயத்தை ஆழமாகப் பற்றிக்கொள்ளும் பொருளுக்கு 1870களின் இறுதியில் ‘குரோமாட்டின்’ என்று பெயரிட்டார். நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த அப்பெயர் அப்பொருளின் தோற்றத்தைச் சொன்னதேயன்றி அதன் பணியைச் சொல்லவில்லை. அப்பணி இன்னதென்று விளங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1884இல் ஆல்பிரெக்ட் கோசல், பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு இருப்பதைப் பயன்படுத்தி, அவற்றிலிருந்து காரத்தன்மையுள்ள ஒரு புரதத்தைப் பிரித்து அதை ‘ஹிஸ்டோன்’ என்றார். உயிரணுப் பிரிவு முடிந்த பின்னும் குரோமாட்டினின் சில பகுதிகள் தளராமல் இறுகியே கிடப்பதை எமில் ஹைட்ஸ் 1928இல் கண்டு, அவற்றை ஹெட்டிரோகுரோமாட்டின் என்றும் தளர்ந்தவற்றை யூகுரோமாட்டின் என்றும் பிரித்தார். ஆயினும், ஹிஸ்டோன் வெறும் கட்டுமானப் பொருள் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. ஹிஸ்டோனில் அசிட்டைல் என்னும் சிறு வேதித்தொகுதி சேரும்போது மரபணுவைப் படியெடுப்பதற்கான தடை தளரக்கூடும் என்று ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் வின்சென்ட் ஆல்ஃப்ரேயும் ஆல்ஃபிரட் மிர்ஸ்கியும் 1964இல் எழுதினர். அக்கருத்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓரத்திலேயே கிடந்தது.

ஹார்மோன் ஆய்வாளர்களோ வேறொரு தவறான நம்பிக்கையில் இருந்தனர். ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் நொதி வினைகளில் கலந்து, தாமும் வேதிமாற்றம் அடைந்தே செயல்படுகின்றன என்பது 1950களில் பரவலாக ஏற்கப்பட்ட கொள்கை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன், கதிரியக்க ஹைட்ரஜனாகிய டிரிட்டியத்தால் குறியிட்ட எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனை முதிராத பெண் எலிகளுக்குச் செலுத்தியபோது, பிற திசுக்கள் அதை விரைவில் இழக்க, கருப்பை மட்டும் நெடுநேரம் பிடித்துவைத்திருந்தது. கருப்பை வளர்ந்தது, ஆனால் உள்ளே தங்கிய ஹார்மோன் மாறாமலே இருந்தது. அப்படியானால் அதைப் பற்றும் புரதம் ஒன்று, அதாவது ‘ஏற்பி’, அங்கே இருந்தாக வேண்டும். 1958இல் வியன்னா மாநாட்டில் இதை அறிவித்தபோது கேட்க வந்தவர்கள் ஐந்தே பேர் என்றும், அவர்களிலும் மூவர் அதே அமர்வின் பேச்சாளர்கள் என்றும் ஜென்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

இரு மரபுகளையும் இணைக்கக்கூடிய காட்சி, விந்தையாக, ஒரு பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிடைத்தது. பூச்சிகளைத் தோலுரிக்கச் செய்யும் எக்டைசோன் என்ற ஹார்மோனை ஆய்வாளர்கள் பூட்டெனான்ட்டும் கார்ல்சனும் 1954இல் சுமார் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து வெறும் 25 மில்லிகிராம் அளவே பெற்றிருந்தனர். அதை உல்ரிச் கிளெவரும் கார்ல்சனும் கைரோனோமஸ் என்னும் கடிக்காத கொசுவினத்தின் புழுவுக்குள் செலுத்தியபோது, அதன் பெருங்குரோமோசோம்களில் குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் தளர்ந்து உப்பின. அந்த உப்பல்கள் மரபணுக்கள் படியெடுக்கப்படும் இடங்கள். ஹார்மோன் வந்ததும் குரோமாட்டின் அவிழ்வது 1960இல் கண்ணால் காணக்கூடியதாகிவிட்டது. அவிழ்ப்பது எது என்பதுதான் தெரியவில்லை.

1974இல் ரோஜர் கோர்ன்பெர்க் வகுத்த மாதிரியின்படி, எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த தொகுதியை டி.என்.ஏ. சுற்றியிருக்கும். மணிமாலையில் ஒரு மணி போன்ற அந்த அலகு ‘நியூக்ளியோசோம்’ எனப்பட்டது. 1985, 1986 ஆண்டுகளில் ரொனால்ட் எவன்ஸ், பியர் ஷாம்போன் ஆகியோரின் ஆய்வகங்கள் ஏற்பிகளின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தபோது, ஸ்டீராய்டு ஏற்பிகளும் தைராய்டு ஏற்பியும் ஒரே குடும்பத்தவை என்பது வெளிப்பட்டது. மீதமிருந்த இடைவெளி 1995, 1996இல் அடைபட்டது: ஏற்பியோடு சேரும் துணைப்புரதங்கள் ஒருபுறம் கண்டறியப்பட, டேவிட் ஆலிஸ் குழுவினர் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச்செல் உயிரியிலிருந்து அசிட்டைலை ஏற்றும் நொதியைப் பிரித்து, அது ஈஸ்டில் முன்பே அறியப்பட்ட மரபணுத் தூண்டியை ஒத்திருப்பதைக் காட்டினர். ஏற்பி தானாக எதையும் அவிழ்ப்பதில்லை. அசிட்டைலை ஏற்றுவோரையோ நீக்குவோரையோ அது அவ்விடத்துக்கு அழைக்கிறது. ஹார்மோன் இல்லாதபோதும் தைராய்டு ஏற்பி டி.என்.ஏ.மீது அமர்ந்து, நீக்குவோரை அழைத்து மரபணுவை அடக்கிவைக்கும்.

கருத்தடைக்கென்று தேடப்பட்டு மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட டாமாக்ஸிஃபென் என்ற மருந்தின் இரட்டை நடத்தைக்கும் விளக்கம் இங்கேதான் கிடைத்தது. ஈஸ்ட்ரோஜனின் இருக்கையிலேயே அமரும் அம்மருந்து மார்பக உயிரணுவில் அடக்கும் துணைப்புரதங்களை வரவழைக்கிறது. துணைப்புரதங்களின் அளவு வேறுபடும் கருப்பை உள்வரியிலோ அதே ஏற்பியோடு சேர்ந்து மரபணுக்களைத் தூண்டிவிடுகிறது.