முன்னால் நிற்கும் பூஜ்ஜியம்

செங்கல்பட்டு ஜாகீரில் 1767 முதல் 1774 வரை பர்னார்ட் என்பவர் நடத்திய கணக்கெடுப்பின்போது கிராமக் கணக்குகள் பனையோலையில் எழுதப்பட்டன. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறிகள் உண்டு. 603 என்பது ௬௱௩. நடுவிலேயே பூஜ்ஜியம் தேவைப்படாத அந்த முறையில் முன்னால் பூஜ்ஜியம் நிற்க இடமே இல்லை. ஓலை அளவைச் சொன்னது, அடையாளத்தை அல்ல.

1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த அஞ்சல் குறியீடு வேறு இனம். செங்கல்பட்டு 603001, மாமல்லபுரம் 603104. முதல் மூன்று இலக்கங்கள் வட்டாரத்தையும் கடைசி மூன்று அஞ்சலகத்தையும் காட்டுகின்றன. நிரல் எழுதுபவர் இதை இரண்டாகப் பிரித்து எண்களாக வைத்தால் மாமல்லபுரம் தப்பும். செங்கல்பட்டின் 001 வெறும் 1 ஆகும். திரும்ப ஒட்டினால் 6031, எந்த ஊருக்கும் சேராத முகவரி! எண்ணாக வைத்தால் இடம் மிச்சம், வரிசைப்படுத்துவதும் எளிது என்பார்கள். நியாயந்தான், ஆனால் இரண்டு அஞ்சல் குறியீடுகளை யார் கூட்டப்போகிறார்கள்? முதலிலிருந்தே எழுத்துச்சரமாக வைப்பதே முறை. எண்ணாகிவிட்டதென்றால், எழுத்தாக மாற்றும்போது மூன்று இலக்க அகலத்தைக் குறிப்பிட்டு இடப்பக்கம் பூஜ்ஜியம் நிரப்பலாம். அகலம் எப்போதும் ஒன்றாக இல்லாத குறியீடுகளில் அந்த வைத்தியமும் பலிக்காது. தொலைந்த பூஜ்ஜியங்கள் எத்தனை என்பதை எண் சொல்லாது.